வெற்று எடை

சுங்கை சுமுன் ஆலையின் எடைமேடையில்
பதினெட்டு வருடமாய் எனக்கு ஒரே கணக்கு:
குலைகளோடு வரும் லோரி ஓர் எடை,
கொட்டிவிட்டுத் திரும்பும் லோரி ஓர் எடை.
இடையில் குறைந்ததுதான் பழம்.

ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்தபோது
யாருக்குக் கல்யாணம் என்றார் மேனேஜர்.
கல்யாணமில்லை சார், எரிமலை என்றேன்.
கையெழுத்துப் போட்டுவிட்டு
இன்னொரு முறை வாசித்தார்.

கூட்டுக்காசு எனக்கு விழுந்த மாதம் அது.
கோகிலவாணி, ஹெலன், நான்.
மூன்று விமானம் மாறி,
கரியடுப்பைத் தூக்கிக்கொண்டு யாரோ கடலைக் கடந்தபோது
வழியெல்லாம் கங்கு சிந்தியதுபோல்
வரிசையாய்க் கிடந்த தீவுகளுக்கு மேலே பறந்தோம்.
ஜன்னலோரம் கேட்டு வாங்கிய ஹெலன்
கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

புளோரெஸில் வழிகாட்டி பெனடிக்டுஸிடம்
என் தோட்டத்து மலாயில் சொன்னேன்:
புசிங் பண்ண வந்திருக்கிறோம்.
எங்களுக்கு அது ஊர்சுற்றல்.
அவனுக்குத் தலைசுற்றல்.
ஓடிப்போய்த் தைலப் புட்டியோடு வந்தான்.

விடியுமுன் மலையேறினோம்.
உச்சியில் மூன்று ஏரிகள், மூன்று நிறம்.
செத்தவர்கள் இங்கேதான் வருவார்கள் என்றான் அவன்.
முதியவர்களுக்கு ஒன்று,
இளையவர்களுக்கு ஒன்று,
பொல்லாதவர்களுக்கு ஒன்று.
கூட்டுக்காசோடு ஓடிப்போனவர்களுக்கு? என்றாள் கோகிலவாணி.
நிஜமாகவே யோசித்து
கறுத்த ஏரியைக் காட்டினான்.
சிரித்து முடித்ததும்
அவள் இளையவர்களின் ஏரியை மட்டும்
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.
மோட்டார் சத்தம் கேட்டால்
இன்னமும் கேட்டைத் திறக்கப் போகிறவள்.

மறுநாள் முழுக்க வெந்நீர் ஊற்று.
கழுத்துவரை இறங்கி
சும்மா இருங்கள் என்றான்.
அது எப்படி என்று தெரியாமல்
பெரியது சிறியது பார்த்துக் கூழாங்கல் அடுக்கினேன்.
சோப்போடு வந்த ஊர்ப்பிள்ளைகள்
என் அடுக்கைத் தட்டிவிட்டு நீந்தினார்கள்.
நான்காவது முறை நான் அடுக்கவில்லை.

எதிரே இன்னொரு மலை புகைந்துகொண்டிருந்தது.
கீழே மக்காச்சோளம், மாதா கோயில், துணிக்கொடி.
பயமில்லையா?
புகைகிறவரை பயமில்லை அக்கா.
நின்றால்தான் மூட்டை கட்டுவோம்.
எனக்கு எங்கள் பாய்லர் ஞாபகம் வந்தது.
அந்தக் கூண்டு புகையாத வாரங்களில்
லயம் முழுக்க
நாங்களும் அதையேதான் சொல்லிக்கொள்வோம்.

திங்கட்கிழமை இரவு.
கடைசி லோரியும் போனபின்
மேடையின் நடுவில் போய் நின்றேன்,
லீவுக்கு முந்தின இரவு நின்ற
அதே இடத்தில்.
அன்றைக்கு அறுபது.
இன்றைக்கும் அறுபது.
பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதுவும்
இதற்குத் தெரியாது.
சீட்டு அச்சிடவா என்று கேட்டுக்கொண்டிருந்தது திரை.
வேண்டாம் என்று அழுத்திவிட்டு
வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன்.

புகைந்துகொண்டுதான் இருந்தது.