எழிலரசியை எழுத்துக்கூட்டிய இரவு

வியாழன் இரவு எட்டரைக்கு
எங்கள் கழகம் காற்றில் கூடும்.
பேசுவது பெரும்பாலும் ஒன்றுமில்லை:
சிக்னல் எப்படி, ஐந்துக்கு ஒன்பது,
அங்கே மழையா, இங்கேயும்தான்.

பகலெல்லாம் செம்பனை ஆலையில்
குலை லோரிகளை எடைபோடுகிறவள் நான்.
"இந்தப் பேச்சுக்கா எண்ணூறு வெள்ளிப் பெட்டி?"
என்பார் வீட்டுக்காரர்.
தைப்பூசக் கூட்டத்தில் தவறிய பிள்ளைகள் ஏழு பேரை
கோயில் மைக் கூப்பிடுமுன்னே சேர்த்துவிட்டோம்
என்று ஒருமுறை சொன்னேன்.
"ஏழுதானே" என்றார்.

டிசம்பரில் ஆறு பாலத்தின் மேல் ஏறியது.
இரண்டாம் நாள் கைப்பேசிக் கோபுரங்கள் செத்தன.
மூன்றாம் நாள் பட்டறைக்கார கூ பெங் ஹுவாட்
தன் லோரியின் பேட்டரியைக் கழற்றி
இடுப்பளவு நீரில் தலைச்சுமையாய்
எடைமேடை அறைக்குக் கொண்டுவந்தார்.
"அப்புறம் திருப்பிக் கொடு."
வேறெதுவும் சொல்லவில்லை.

செபஸ்தியான் குன்றின் மேல், ரிப்பீட்டர் கொட்டகையில்,
பிஸ்கட்டோடும் அட்டைகளோடும் மூன்று இரவு.
அக்கரைப் பள்ளி மண்டபத்தில் என்சிக் ரோஸ்டி,
முப்பது வருடம் தபால் பட்டுவாடா செய்தவர்,
வீடு மூழ்கியவர்களின் பட்டியலோடு.

இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்.
அவர் வாசிக்க நான் எழுத
சன்னலுக்கு வெளியே நாற்பது பேர்
என் பேனா முனையையே பார்த்தார்கள்.
தன் ஆளின் பெயர் வந்தவர்
சத்தமில்லாமல் விலகிப்போய்
தகரத்தின் கீழ் குந்திக்கொண்டார்.

கடைசியில் ஒருவர் மட்டும் நின்றார்.
குலை வெட்டும் பரசுராமன்.
கையில் அரிவாள் இல்லாமல்
அன்றுதான் அவரைப் பார்த்தேன்.
"எங்க வீட்டுப் பேரு வரலீங்களே. எழிலரசி."

கேட்டேன். ரோஸ்டி பக்கம் புரட்டினார்.
"எலிசபெத் அரசி ஒருவர் இருக்கிறார், ஓவர்."
"அது இல்லீங்க. நாங்க மாரியம்மா கோயிலு."

எழுத்துக்கூட்டினேன்.
எக்கோ. ஸூலு. ஹோட்டல். இந்தியா.
ஸூலுவா?
ஸூலுதான், என்சிக்.
எங்களிடம் ஓர் எழுத்து இருக்கிறது,
உங்கள் இருபத்தாறில் அதற்கு நாற்காலி கிடையாது,
இரண்டு எழுத்தின் தோளில் ஏறித்தான் வரும்.
லீமா. ஆல்ஃபா. ரோமியோ.
முடிப்பதற்குள் அவர் மண்டபத்துக்குள் நடந்துவிட்டார்.

நான்கு நிமிடம் வெறும் இரைச்சல்.
இரைச்சல் கேட்டுப் பழகியவள் நான்.
பரசுராமன் பழகாதவர்.

பிறகு ஒரு மூச்சு. ஒரு குழந்தையின் சிணுங்கல். பிறகு,
"கேஸ மூடினியா?
கோழிய அவுத்துவிட்டியா இல்லியா?
சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு.
பீரோ சாவி எங்கிட்டதான் இருக்கு, தேடாத."

பேசி முடித்தால் பொத்தானை விடவேண்டும் என்று
அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.
அழுத்திப் பிடித்தபடியே திட்டினாள்.
இங்கே இவர் பெட்டியைப் பார்த்து
பதில் சொன்னார், சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார்.
மாவட்டம் முழுதுக்கும் அன்று ஒரே அலைவரிசை.
தீயணைப்புப் படகுகளும் காவல் நிலையமும்
அந்தக் கோழிகளைக் கேட்டுக்கொண்டிருந்தன.
சொந்தப் பேச்சு கூடாதென்பது விதி.
அதை நினைவூட்ட
என்னைத்தான் நியமித்திருந்தார்கள்.

மூன்றாம் நிமிடம் ரிப்பீட்டர் தானாகத் துண்டித்தது.
யார் குரலானாலும் அதன் பொறுமை அவ்வளவுதான்.
அக்கரையில் கருவியை ரோஸ்டி வாங்கியிருக்க வேண்டும்.
மைக்கைப் பரசுராமன் வாயருகே பிடித்து
பொத்தானை நான் அழுத்தினேன்.
இத்தனை நேரம் சொன்னதெல்லாம் மறந்துபோய்
"கூரை மேல நிக்குதுங்க புள்ள" என்றார்.
கொஞ்சம் கழித்து, "ஓவர்."

பதிவேடு முழுக்க ஆங்கிலம்.
அந்த ஒரு வரி மட்டும்:
இரவு 10.47. எழிலரசி. நலம்.
ழகரம் பக்கத்துக் கட்டத்துக்குள் கால் நீட்டிவிட்டது.

தண்ணீர் வடிந்து இரண்டு மாதம்.
கூ தன் பேட்டரியை இன்னும் கேட்கிறார்,
வியாழன்தோறும், எட்டரைக்கு,
ஐந்துக்கு ஒன்பதில்.