நாலாயிரத்துக்கு மேல்

டவுன்ஹால் ரோட்டில்
மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடி.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார் குத்புதீன்.
சுவரெல்லாம் நுரைப்பஞ்சு.
கதவைச் சாத்தியதும் தெருவின் ஆட்டோக்கள் ஊமையாயின.
யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்தவர்கள் போல
நானும் சந்திரமதியும் சோபா நுனியில்.

வீட்டில் இருப்பது மூன்று தட்டு சுழலும் பழைய பிளேயர்.
கப்பலூர் மில்லில் ரிங் ஃபிரேம் பார்த்த காலத்தில்
தீபாவளி போனஸில் வாங்கியது.
இப்போது நாலாவது பாட்டில் விக்குகிறது.
ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன் லென்ஸை,
ஒரு மாதம் ஓடியது.
பிறகு வாயில் தட்டை வைத்துக்கொண்டே
தட்டு இல்லை என்று எழுதிக் காட்டியது.

ஆம்ப் நல்லது சார், ஸ்பீக்கர் பீரோ உயரம்,
மூலம் சரியில்லாம மத்ததெல்லாம் இருந்து என்ன
என்றார் குத்புதீன்.
மூலம் என்றதும் சந்திரமதி சிரித்துவிட்டாள்.
விளங்காமல் அவரும் கூடச் சிரித்தார்.

வெள்ளி நிறத்தது இருபத்தாறாயிரம்.
கறுப்பு, நாற்பத்தொன்பது.
ஒன்பது கிலோ.
அதன் தட்டு வெளியே வந்ததும் தெரியவில்லை
உள்ளே போனதும் தெரியவில்லை.

நான் கொண்டுபோனது ஒரே ஒரு சிடி:
புல்லாங்குழல், கரகரப்பிரியா, இருபத்தெட்டு நிமிடம்.
இதில் போட்டார், அதில் போட்டார், மறுபடி இதில்.
"மேல எப்படி விரியுது பாருங்க சார்."
பார்த்தேன்.
தலையை ஆட்டினேன், ஆட்டவேண்டிய அளவுக்கு.

மில் டாக்டர் போட்டுக் கொடுத்த காகிதம்
பீரோவில் இருக்கிறது.
மூவாயிரம் ஹெர்ட்ஸ் வரை தரையில் நடக்கும் கோடு
நாலாயிரத்தில் கிணற்றில் குதித்துவிடும்.
இருபத்துமூன்று வருடம்
காதில் வைக்கப் பஞ்சில்லை,
பஞ்சுக்கு நடுவில்தான் நின்றேன்.
குத்புதீன் விற்றுக்கொண்டிருந்ததோ
நாலாயிரத்துக்கு மேல்.

அப்போது கரண்ட் போனது.
"இன்வெர்ட்டர் லைட்டுக்கு மட்டும்தான், அஞ்சு நிமிஷம்."
ஏசி நின்றது, ஆம்பின் சிவப்புப் புள்ளி அணைந்தது.
"எவ்வளவு அமைதி" என்றாள் சந்திரமதி.
ஆமாம் என்றேன்.
வலது காதில் விசில்.
மில் மூடி ஆறு வருடமாகியும்
ஷிஃப்ட் முடியாத ஒரே ஒரு ஸ்பிண்டில்.

கரண்ட் வந்ததும் அவள் சொன்னாள்:
"கறுப்புதான். இதுல அவரு மூச்சு இழுக்கறது கேக்குது.
அதுல சும்மா விட்டுப்போன எடம் மாதிரி இருக்கு."
எங்கே?
"கீழ வந்து நிக்கிறாருல்ல, திரும்ப ஏறப்போறப்ப."
மறுபடி போடச் சொன்னேன்.
மறுபடி.
எனக்கு இரண்டிலும் விட்டுப்போன இடம்.

கறுப்பையே கட்டச் சொன்னேன்.
ஆயிரம் குறைத்தார், ஸ்டெபிலைசர் தனி,
மீதி ஆறு தவணை.
திருநகர் வரை ஆட்டோவில்
ஒன்பது கிலோவும் அவள் மடியில்.
பழங்காநத்தம் தாண்டும்வரை
ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவருக்குத் திட்டு.

ராத்திரி பத்துக்கு மேல்தான் போடுவோம்,
மாவு விற்கும் பக்கத்து வீட்டின் கிரைண்டர் நின்றபிறகு.
மூச்சு வரும் இடத்தில் அவள் ஒரு விரல் தூக்குவாள்.
ஆறாவது நிமிடத்தில் ஒன்று.
பதினொன்றில் இரண்டு.
பதினேழில் ஒன்று; "அது அவசர மூச்சு,
பாவம், தண்ணி குடுத்திருக்கலாம்."

எல்லாம் பாடமாகிவிட்டது எனக்கு.
நேற்று அவளுக்கு முன்னால் நான் விரல் தூக்கினேன்.
அவள் அதைப் பிடித்து
மெதுவாக மடக்கி வைத்தாள்.
"இன்னும் இல்ல."