ஏழில் நிறுத்தியது

பீல் நகரத்தில் பன்னிரண்டு மணி
மூன்று முறை வரும்.
முதலில் சேர்ச் மணி.
பிறகு மேல்மாடி ஏபியின் வீட்டில்,
பழைய கேபிள்காரர் அவர்,
போத்தல் மூடி பறக்கும் சத்தம்.
கடைசியில்தான் எங்களுக்கு.
இணையத்தால் வருகிற ரீவி
உலகத்துக்கு அரை நிமிசம் பின்னால் நடக்கிறது.
"நேரலை" என்று மூலையில் சிவப்பாய் எழுதியிருக்கும்.
நான் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்பவள்,
அந்தச் சிவப்பைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

எங்கள் மேசையில்
திருகைச் சற்று வெளியே இழுத்தால்
நொடிமுள் அப்படியே நிற்கும்.
சரியான நொடி வரும்வரை காத்திருந்து
உள்ளே அமத்த வேண்டும்,
ஒரு நாளைக்கு நூற்றியெண்பது தரம்.
நின்ற முள் எதையும் சேமித்து வைக்காது.
பிடித்து வைத்த நேரம் போனதுதான்.

ஆனால் ரீவி சேமிக்குமாம்.
கடையில் பொடியன் சத்தியம் பண்ணாத குறை:
நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம்,
ஏழு நாளைக்குள் எதையும் திரும்பப் பார்க்கலாம்.

டிசம்பர் முப்பத்தொன்று.
தயாபரனுக்கு ரயில் கழுவுகிற இரவு வேலை.
திரையில் சனம் எண்ணத் தொடங்கியது,
பத்து, ஒன்பது, எட்டு.
வெளியே மணி ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது.
ஏழு என்று சொல்ல
அந்த நீலச் சட்டைக்காரி வாயெடுத்தபோது
நிறுத்தினேன்.
திறந்த வாய் திறந்தபடி.
யாரோ அவசரப்பட்டு எறிந்த கடதாசித் துண்டுகள்
அவள் தலைக்கு மேலே,
விழாமல்.

பதிவு செய்யவும் அழுத்திப் பார்த்தேன்.
இடமில்லை என்றது.
நூறு மணித்தியாலமும்
அவர் டொச் சோதனைக்கென்று எடுத்துவைத்த
இரவுச் செய்தி, காலநிலை.
ஒன்றுகூடப் பார்த்ததில்லை.
போன ஆடியில் பெய்து ஓய்ந்த மழையெல்லாம்
எங்கள் வீட்டில் இன்னும்
நாளைக்குத்தான் பெய்யப்போகிறது.
ஒன்றை அழிக்கவா என்று மெசேஜ் போட்டேன்.
"வேண்டாம், பார்ப்பன்."

விடிய ஐந்து நாற்பதுக்கு வந்தார்.
ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் செற்றியில் சரிந்தார்.
"இரண்டாம் வகுப்பு முழுக்கச் சத்தி."
நான் றிமோட்டை எடுத்தேன்.
நிறுத்தி வைக்கிற உரிமை ஒன்றரை மணித்தியாலம்தானாம்.
எங்களைக் கேளாமலே அது
நிகழ்காலத்துக்குப் பாய்ந்துவிட்டிருந்தது;
அங்கே ஒருவன் ஒட்டாத சட்டி விற்றுக்கொண்டிருந்தான்.
பின்னால் ஓட்டினேன்.
முதலில் விளம்பரம் பார் என்றது,
பல்லுக்குக் காப்புறுதி, தாண்ட முடியாது.
அது முடிந்து அந்த ஏழு வர
இவர் குறட்டை.

குனிந்து மற்றச் சப்பாத்தைக் கழற்றினேன்.
ஜாக்கெட் கழுத்துப் பட்டியில்
பச்சையாய் ஒரு கடதாசித் துண்டு.
எவருடைய கொண்டாட்டமோ,
ரயிலேறி, சீட்டில் ஒட்டி, இவரில் தொற்றி
வந்திருக்கிறது.
திரையில் இன்னும் விழாமல் நிற்பது
இங்கே விழுந்து முடித்துவிட்டது.
எடுத்து எறியவில்லை.
வைக்கவும் இடம் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம்
தேத்தண்ணியோடு சேர்ந்து இருந்தோம்.
எட்டு வரை வந்தது.
கதவில் ஏபி.
உடுப்புத் தோய்க்கிற அறையின் திறப்பு
நேற்று ஏழு மணிக்கு ஏன் தன்னிடம் வரவில்லை?
திறப்பைத் தேடி, மன்னிப்புக் கேட்டு,
இறங்கிப் போய், உலர்த்தியின் வடியில் எங்கள் பஞ்சை
அவர் விரலால் சுரண்டிக் காட்டி முடிக்க
தயாபரனுக்கு வேலைக்கு நேரம்.

எட்டாம் நாள்
நீலச் சட்டைக்காரி இருந்த இடத்தில் ஒரு வரி:
இந்த நிகழ்ச்சி இனிக் கிடைக்காது.

"விடு, வருசம் எப்படியும் வந்திட்டுதுதானே."
வந்ததுதான்.
புதுத் திகதி போட்டு
ரீவிக்காரனின் பில்லும் வந்திருக்கிறது.

அடுத்த நாள் மேசையில் திருகை இழுத்தேன்.
முள் ஏழாம் கோட்டில் நின்றது.
கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தேன் போல,
பக்கத்து மொனிக் கண்ணாடியைக் கழற்றி
என்னைப் பார்த்தாள்.

அமத்தினேன்.