மூட்டம்

பூம்பாறையில் பூண்டுக்குப் புகை போடும் அறையில்
ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் நிற்கமாட்டார்கள்.
மூக்கைச் சிந்திக்கொண்டு, முந்தானையால் முகம் பொத்திக்கொண்டு
ஓடி வருவார்கள்.
நான் நிற்பேன்.
பரணுக்குப் பரண் கொத்துகளைத் திருப்பித் தொங்கவிட்டு
அடுப்பில் ஈர விறகைத் தள்ளி
மணிக்கணக்காய் நிற்பேன்.
"மயிலாத்தா கண்ணு கல்லுக் கண்ணு" என்று
கமிஷன் கடை தவமணி
கூலிக்கு மேல் இருபது ரூபாய் தருவார்.
பெருமையாய் வாங்கி முடிந்துகொள்வேன்.

பன்னிரண்டு அட்டை மாத்திரை முன்பே தின்று முடித்திருந்தேன்.
தோல் கறுத்தது, பிறகு தெளிந்தது.
நோய் போய்விட்டது என்று சீட்டில் எழுதியும் கொடுத்தார்கள்.
போகிற போக்கில் அது
என் இமையின் கயிற்றை அறுத்துவிட்டுப் போனதை
ஒருவரும் எழுதவில்லை.

ஆவணியில் மூன்று நாள்
எதிர்மலை தெரியவில்லை,
படிக்கட்டு வயல்கள் தெரியவில்லை.
இந்த வருஷம் மூட்டம் சீக்கிரம் இறங்கிவிட்டது என்றேன்.
வீட்டுக்காரர் வெளியே பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
வெளியே பளீரென்று வெயில்.

இடது கண் முன்பே மங்கல்.
வலது கண்ணின் கருமணிமேல்
பூண்டுத் தோல் ஒன்று, நகத்தளவுகூட இல்லை,
ஒட்டிக் கிடந்ததாம்.
பிரான்சிஸ்காள் நர்ஸ் உப்புநீர் ஊற்றி எடுத்தபோதும்
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
"வலிச்சுதா?"
இல்லை என்றேன்.
"வலிச்சிருக்கணும்" என்றாள்.
அதற்கடியில் புண்.
மலையிறங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள்.
எதிர்மலையில் பாதி திரும்பி வந்தது.

இமைப்பதற்கு இப்போது கணக்கு வைத்திருக்கிறேன்.
மின்கம்பம் வந்தால் ஒரு முறை.
நாய் குரைத்தால் ஒரு முறை.
மன்னவனூர் பஸ் வளைவில் ஹாரன் அடித்தால்
இறுக்கி, பல்லைக் கடித்து, இரண்டு முறை.
ஊரில் எல்லாரும்
தெரியாமலே செய்துவிடுகிற வேலை.

தேவர்கள் இமைக்கவே மாட்டார்களாம்,
தேருக்கு வந்த பண்டாரம் சொன்னார்.
அவர்கள் ஊரில் பூண்டு விளையாது போல.

தவமணி ஆள் அனுப்பினார். முப்பது தருகிறாராம்.
கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
வாசலிலேயே சொல்லி அனுப்பினேன்:
கல்லுக் கண்ணை ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வந்துட்டாளாம்னு சொல்லு.

ராத்திரி மருந்தைப் பிதுக்கிவிட்டு
துவைத்த வேட்டித் துணியால்
வீட்டுக்காரர் கண்ணைக் கட்டிவிடுவார்.
கட்டுக்குள் விழித்தபடிதான் கிடக்கிறேன்.
துணி வழியே விளக்கு அணைவது தெரியும்.
அதற்கும்
ஒரு முறை.