கண்ணில் படுதல்

இரண்டாம் ஷிப்ட் முடிந்து
நார் மில் கேட் திறக்கும்போது பதினொன்று ஐந்து.
உச்சந்தலையிலிருந்து கொலுசு வரை மஞ்சித் தூசி.
அந்தப் பழுப்போடு ரோட்டில் நின்றால்
ராத்திரிக்கே என்னை அடையாளம் தெரியாது.

மயிலாத்தாளையும் அப்படித்தான் தெரியாமல் போனது.
போன ஆவணியில், நடுப்புணிக்குத் திரும்பும் வளைவில்.
காலி லாரி. டிரைவர் பையனுக்கு இருபத்து மூன்று இருக்கும்.
ரோட்டோரம் குத்தவைத்து அழுதான்:
"தெரியலைங்க. சத்தியமா தெரியலைங்க."
பொய்யில்லை. அவள் சைக்கிளில் மினுங்கியது
டிபன் தூக்கு ஒன்றுதான்,
அதுவும் முன்னால்.

மறுவாரம், செக்போஸ்ட் பக்கம்
லாரிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் ஷிஹாபிடம் போனேன்.
துண்டு துணுக்கு இருந்தால் கொடு என்றேன்.
"பின்னாடி சிவப்பு, முன்னாடி வெள்ளை, சைடுக்கு மஞ்சள்.
மாத்தி ஒட்டினீங்கன்னா
நீங்க வர்றீங்களா போறீங்களான்னு வண்டிக்காரன் குழம்பிடுவான்."
பெடல் இரண்டுக்கும் மஞ்சள், அவன் யோசனைதான்.
ஒன்று ஏற ஒன்று இறங்கினால்
அது கல்லுமில்லை கம்பமுமில்லை, ஒரு ஆளின் கால் என்று
தூக்கக் கலக்கத்திலும் தெரிந்துவிடுமாம்.
எண்பது கேட்டான். அறுபது கொடுத்தேன்.

வயசுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே புத்திமதி:
யார் கண்ணிலும் படாமல் போய்விட்டு வா.
பஸ்ஸில் ஓரம், கல்யாணத்தில் தூண் மறைவு,
சிரித்தால் வாய்க்குக் குறுக்கே துப்பட்டா.
இப்போது பாருங்கள்,
மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பெயின்ட் அடித்த காளை மாதிரி
போகிறேன்.
பொள்ளாச்சித் தேங்காயும் பாலக்காட்டு அரிசியும்
தூரத்திலேயே என்னைக் கண்டு
லைட்டை இறக்கிக்கொள்கின்றன.

டைனமோவுக்கு ஒரு நேர்மை உண்டு.
எவ்வளவு மிதிக்கிறேனோ அவ்வளவு வெளிச்சம்.
நின்றால் இருட்டு.
ஸ்டிக்கர் வேறு சாதி.
பிறத்தியார் வெளிச்சத்தை வாங்கி
அந்த நிமிஷமே அவர்களுக்குத் திருப்பிவிடும்,
கடன் வைத்துக்கொள்ளாது.

ஆடியில் கணவாய்க் காற்று
நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.
ஆறு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம்.
வாயைத் திறந்தால்
இன்னும் இங்கே வந்து சேராத மழை நாக்கில் படும்.
மார்கழியில் அதே காற்று கட்சி மாறிவிடும்.
முதுகில் ஒரு உள்ளங்கை.
ஊறப்போட்ட மட்டையின் நாற்றம், அப்புறம் கள்வாடை,
மேலே தென்னைகள்
சீட்டுக்கட்டைக் கலைத்துக் கலைத்துப் போடும் சத்தம்.

இந்நேரத்துக்குத் தனியாகவா, பயமில்லையா என்கிறார்கள்.
பயம் பின் கேரியரில் உட்கார்ந்துதான் வருகிறது.
முன்கூடையில் உட்கார்ந்து வருவது வேறொன்று.
அதை யாரிடமும் சொன்னதில்லை.
வாய்க்கால் பாலத்து இறக்கத்தில்
மிதிப்பதை நிறுத்திவிடுவேன்.
பெடல் மஞ்சள் அசையாது.
ஷிஹாபுக்குத் தெரிந்தால் திட்டுவான்.

நேற்று அந்த இறக்கத்தில் பின்னால் ஒரு லாரி.
ஹாரன் அடிக்கவில்லை. பொறுமையாகக் கூடவே வந்தது.
அதன் வெளிச்சத்தில் என் நிழல்
எனக்கு முன்னால் நீண்டு, நீண்டு,
செக்போஸ்ட் கட்டைக்கு அடியில் நுழைந்து
பேப்பர் எதுவும் காட்டாமல்
கேரளத்துக்குள் போய்விட்டது.
ஒதுங்கி வழிவிட்டேன்.
டிரைவர் தலையை வெளியே நீட்டினார்:
"சேச்சீ, கொள்ளாம் கேட்டோ!"
சைக்கிளைச் சொன்னாரா, என்னையா,
கேட்பதற்குள் போய்விட்டார்.

வீட்டில் எல்லோரும் தூங்கியிருந்தார்கள்.
சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு
டார்ச்சை அதன்மேல் ஒருமுறை அடித்துப் பார்த்தேன்.
என் கண்ணே பட்டுவிடும் போல மின்னியது.
கேரியருக்கு அடியில் ஒரு சிவப்பு மட்டும்
மூலை பெயர்ந்திருந்தது.
எச்சில் தொட்டு அழுத்திவிட்டுப்
படுத்தேன்.