எண் எழுபத்து நான்கு

எங்கள் ஊரில் மருந்துக்கடை ஒன்றுதான்.
கடைக்காரி நான்.
யாருக்கு எந்த விரலில் நகச்சுத்தி,
யார் வீட்டில் சர்க்கரை,
பாதிரியாருக்கு எதற்கு அந்தக் களிம்பு,
எல்லாம் என் இழுப்பறைகளில்
அகரவரிசையில் கிடக்கின்றன.
வாய் திறந்ததில்லை.
திறக்கவும் வேண்டியதில்லை.
கடைக்குள் நுழைந்தவர் வெளியே வருமுன்
எதிரே ரொட்டிக்கடையில்
நோய்க்குப் பெயர் வைத்திருப்பார்கள்.

ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில்
முந்நூற்றுப் பதினோராவது கிலோமீட்டர் நாங்கள்.
அதற்கு மேல் முகவரி கேட்பவர் அந்நியர்.

வில்மார் எச்செவெரி,
தானியக்கிடங்கில் எடைபோடுகிறவர்,
மாதத்தில் ஒரு செவ்வாய்
விடியுமுன் பேருந்து ஏறுவார்.
தலைநகரில் பல் வைத்தியராம்.
இருப்பதே பதினெட்டுப் பல்,
ஒன்பது மாதமாக அதில் எதை நோண்டுகிறார் என்று
கடையில் கூடமாட இருக்கும் யமிலா கேட்டாள்.
பஞ்சு உருளைகளை அடுக்கியபடி சிரித்தேன்.
சிரித்திருக்கக் கூடாது.

ஜூன் மாதக் குளிரில்
எனக்கும் தூக்கம் போயிற்று.
காரணம் சொல்ல மாட்டேன்,
இந்தக் காகிதத்துக்கும் எதிரே
ஒரு ரொட்டிக்கடை இருக்கும்.

அந்த மாத்திரை என் கடையிலேயே இருக்கிறது.
மூன்றாம் தட்டு, இடது கோடி, பூட்டுக்குள்.
சாவி என் கழுத்தில்.
கணக்குப் புத்தகம் யமிலாவின் கையில்.
யமிலாவின் தாய் ரொட்டிக்கடையில்.

ஆக, முந்நூறு கிலோமீட்டர் போனேன்
என் சரக்கையே விலைக்கு வாங்க.

மொந்தேவிதேயோ.
கடைக்கதவு தானே திறந்துகொண்டது
யாரென்று பார்க்காமல்.
எந்திரம் ஒரு சீட்டை நீட்டியது: எழுபத்து நான்கு.
எத்தனை இலேசான பெயர்!
அதில் அப்பா இல்லை,
போன வருஷத்துத் தவறு இல்லை,
உன் அக்கா திரும்பி வந்தாளா இல்லை.
எழுபத்து நான்காக நின்றேன்
தோள்களை இறக்கிவிட்டு,
முகத்தை எப்படி வைத்திருக்கிறேன் என்பதையே மறந்து.

முன்னால் ஒருவர்
கீழே விழுந்த கைத்தடியை எட்ட முடியாமல்
பாதி குனிந்து நின்றார்.
வரிசை அவரைச் சுற்றி வளைந்து நகர்ந்தது.
நானும் ஓரடி நகர்ந்தேன்.
இதை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன்.

யாரோ எடுத்துக் கொடுத்தார்.
நிமிர்ந்தால், வில்மார்.
கையில் எழுபத்து மூன்று.

வணக்கம் சொல்லிக்கொள்ளவில்லை.
அவர் கூரையைப் பார்த்தார்.
நான் பற்பசை விளம்பரம் படித்தேன்,
இரண்டு தடவை.
அவருக்குக் கொடுத்த பெட்டியைப்
பத்தடி தூரத்தில் நிறம் பார்த்தே அறிந்தேன்.
தொழில் புத்தி.
அதே பெட்டிதான்.
என்னுடையதைவிட
ஐந்து மில்லிகிராம் கூட.

திரும்பும் பேருந்தில்
அவருக்குப் பின்னிருக்கை எனக்கு.
வெந்நீர் ஊற்றக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே
பிளாஸ்க்கைத் திறந்தார்.
துராஸ்னோ தாண்டியதும்
ஒரு சுரைக்குடுவை, உலோகக் குழலோடு,
திரும்பாத தலைக்கு மேலாகப் பின்னால் வந்தது.
மாத்தே. நல்ல கசப்பு.
உறிஞ்சி முடித்துக் கொடுத்தேன்.
எங்கள் நாட்டில் குடுவையைத் தரும்போது
நன்றி என்றால், போதும் என்று அர்த்தம்.
நான் நன்றி சொல்லவில்லை.
மறுபடி வந்தது.

இரவு பத்தரைக்கு
ஒரே படியில் முன்பின்னாக இறங்கினோம்.
ரொட்டிக்கடையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள்.
புதன் காலை ஏழரைக்குள்
எங்களைக் காதலர்கள் என்று
ஊர் முடிவு செய்திருந்தது.

மறுக்கத்தான் போனேன்.
லாரி ஒன்றை நிறுத்தி வைத்துவிட்டு
எடைமேடையிலிருந்து வில்மார் தலையாட்டினார்,
வேண்டாம் என்று.

இப்போதெல்லாம் செவ்வாய்க்கு இரண்டு டிக்கெட்.
யமிலா கண் சிமிட்டுகிறாள்,
அவள் தாய் சூடாக
ஒரு பொட்டலம் கட்டித் தருகிறாள், காசு வாங்காமல்.

நகரத்தில் இறங்கியதும்
ஆளுக்கொரு எண் எடுத்துக்கொண்டு
தள்ளித் தள்ளி நிற்கிறோம்.