நான்கு தீப்பெட்டிகள்

கடல் இங்கிருந்து வெகு தொலைவு.
ஆனாலும் ஓதம் ஏறும்
வின்னிப்பெக்கில், எங்கள் வீட்டு நிலவறையில்,
ஏப்ரல் தோறும்.
பனி உருகும். களிமண் தான் குடித்தது போக
மிச்சத்தைச் சுவரிடம் கொடுத்து வைக்கும்.
ரகசியம் தாங்காத சுவர்.
மறுநாளே தரையில் கொட்டிவிடும்.

துணி துவைக்கும் இயந்திரம் செங்கல் மேல் நின்றது,
பாவாடையைத் தூக்கிப் பிடித்து
ஆற்றைக் கடப்பவள் மாதிரி.
கிறிஸ்துமஸ் மணிகள் இருந்த அட்டைப்பெட்டியைத்
தூக்கினால் அடி கழன்றது.
லோர்னின் கல்யாணக் கோட்டுக்குக் காலரில்
சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்தது.
ஈரம் உறிஞ்சும் கருவியின் வாளியைக்
காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை,
பால் கறப்பதுபோல் நேரம் தவறாமல்
நான்தான் காலி செய்வேன்.

நான் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவள்.
ஊர் பல் துலக்கும்போது எனக்கு ராத்திரி.
மாடி அறையில் திரைக்கு மேல் திரை போட்டாலும்
பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில்
இமைக்குள் விரல் விட்டுத் துழாவும்.
கீழேயோ
எனக்கு வேண்டிய இருட்டும்
எனக்கு வேண்டிய மௌனமும்
சும்மா கிடந்தன,
நனைந்து.

"வீட்டை விற்றுவிடலாம்" என்றான் லோர்ன்.
"யாருக்கு? மீனுக்கா?" என்றேன்.

அவன் டிரக்குக்குச் சேர்த்த பணம் போனது.
ஆகஸ்டில் பாஸ்தியான் லவலே மண்வெட்டியோடு வந்தான்.
"உள்பக்கம் பெயிண்ட் அடித்தால் போதாதா?"
"ஜுரத்துக்குப் பவுடர் பூசுவீர்களா?"
எட்டடி ஆழம். வீட்டின் ஈறு வரை பார்த்துவிட்டேன்.
பழைய வடிகுழாய்க்குள் எல்ம் மரம்
வேர்களால் ஒரு கம்பளித் துண்டு நெய்து வைத்திருந்தது.
விரிசல்களுக்கு ஊசி போட்டு,
கறுப்புச் சவ்வைச் சுவர் முழுக்க இழுத்து ஒட்டினான்,
கோபக்கார நர்ஸ் கட்டுப் போடுவதுபோல்.
புதுக் குழாய். சரளை. மறுபடி மண்.
உள்ளே தரையில் ஒரு குழி, குழிக்குள் பம்ப்,
கரண்ட் போனால் பேட்டரி.

படுக்கையறை என்றால் ஜன்னல் வேண்டும், என்றார் ஆய்வாளர்.
தீ பிடித்தால் ஏறித் தப்பிக்க.
இருட்டைத் தேடி இறங்கியவளுக்குச்
சட்டம் ஒரு சதுரம் வெளிச்சம் தந்தது.
கதவு கனத்துக்கு ஒரு திரை தைத்தேன்.

கிளம்பும்போது பாஸ்தியான்
மூலைக்கு ஒன்றாக நான்கு தீப்பெட்டி வைத்தான்.
"என் ரசீதை நம்ப வேண்டாம்.
ஏப்ரல் போனதும் உரசிப் பாருங்கள்."

அந்தக் குளிர்காலம் தூங்கினேன்.
எட்டு வருஷக் கடனை அடைக்கிறவள் போல் தூங்கினேன்.
தரை காலைக் கடிக்கவில்லை.
தலையணையில் அந்தப் பழைய வாடை இல்லை.
காஸ் பில் குறைந்தது. லோர்ன் அதை
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தான்,
டிரக் விளம்பரத்துக்குப் பக்கத்தில்.

ஏப்ரலில் பம்ப் தொண்டையைச் செருமியது.
விலாசம் மாறி வந்த தபால்போல்
தண்ணீர் திரும்பிப் போயிற்று.
மே முதல் தேதி, முழங்காலிட்டு,
முதல் மூலை: சரக். சுடர்.
இரண்டாவது. மூன்றாவது.
நாலாவதில் மருந்து
குச்சியை விட்டு மாவாக வழிந்தது.
நமத்துவிட்டது.

பாஸ்தியான் வந்தான். உள்ளே வரவேயில்லை.
வெளியே நின்று அண்ணாந்து பார்த்தான்.
கூரைத் தண்ணீர்க் குழாய்
சரியாக அந்த மூலையில்தான் துப்பிக்கொண்டிருந்தது.
ஆறடி நீளத்துக்கு ஒரு தகரக் குழாய்,
இரண்டு திருகாணி.
காது சிவந்துபோய்க் காசு வாங்க மறுத்தான்.

நாலாவது மூலையில் இப்போது புதுப் பெட்டி.
இன்னும் உரசவில்லை.
மேலே பகல் பன்னிரண்டு மணி,
விடியலிலிருந்து மழை.
எழுந்துபோய்ப் பார்க்கலாம்தான்.
தூக்கம் வருகிறது.